இரவல் போயிருந்த அறிக்கை

ஆராய்ச்சிக் கட்டுரைகளை இணையத்தில் தேடிய யாருக்கும் அந்தச் சின்னப் பூட்டுப் படம் பழக்கமாக இருக்கும். தலைப்பு தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், ஐந்தாறு வரியில் சுருக்கம் தெரியும். அதற்குக் கீழே பூட்டு. சேலத்தில் எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடமும் நான் அந்தப் பூட்டு வரைக்கும்தான் போயிருக்கிறேன். நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் அதேபோல் ஒரு கட்டுரையைத் தட்டினேன். பூட்டைக் காணோம். முழுக் கட்டுரையும் கடகடவென்று இறங்கிவிட்டது. எங்கோ தப்பு நடந்துவிட்டது, யாராவது வந்து திட்டப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு பெண் ஆப்பிள் தின்றுகொண்டு படித்துக்கொண்டிருந்தாள். திரையைக் காட்டி, “இதை எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைக் கேட்கிறேன் என்று நினைத்து, “தாராளமாக, அங்கே யாரும் இல்லை” என்றாள். கட்டுரையைப் பற்றி ஒருத்தி அனுமதி கேட்பாள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் பெயர் ஃபெம்கே. நான் பொறாமைப்பட்ட முதல் டச்சுக்காரி அவள்தான்.

என் பெயர் நஸ்ரின். சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். அத்தாவுக்குச் சாக்கு வியாபாரம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு, எங்கள் ஊர் வழக்கில் சேகோ ஆலைகளுக்கு, அவர் சாக்குப் போடுவார். அந்தத் தொடர்பில்தான் எனக்கு மாவுச்சத்து மேல் ஆர்வம் வந்தது. இந்த ஊரைச் சுற்றிலும் உருளைக்கிழங்கு மாவு ஆலைகள். அங்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, இங்கே உருளைக்கிழங்கு, படிப்பு ஒன்றுதான். முதலில் முதுகலை, பிறகு அதே துறையில் ஆய்வு மாணவி என்று ஐந்தாவது வருடம் ஓடுகிறது. ஊரில் இருந்து இதைப் படிக்கிற மாணவர்கள், அங்கே போனால் எல்லாம் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும். அப்படிக் கிடைத்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபெம்கே என் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தாள். வாரத்தில் இரண்டு மதியம் பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்திலும் வேலை செய்தாள். மாணவர்கள் எழுதியதைக் கொண்டுபோனால் கூடவே உட்கார்ந்து வாசித்து யோசனை சொல்வார்கள். அதற்கு ஒரு அறை, ஒரு சோபா, தேநீர். அந்த மையத்திலிருந்து எனக்கு அழைப்பு மின்னஞ்சல் வந்தபோது நான் பயந்துபோனேன். என் ஆங்கிலம் மோசம் என்று புகார் போயிருக்கிறது, அரியர் வைத்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். அழைப்பு எல்லோருக்கும் போயிருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஃபெம்கே என் நாலு பக்கத்தையும் நிதானமாக வாசித்தாள். “நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்றாள். நான் விடுதியின் தெருப் பெயரைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்தவர்கள் சொன்னதையே வரிசையாக அடுக்கியிருக்கிறாய், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரிகூட இல்லையே என்று விளக்கினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

எந்தத் தளத்தை நம்பலாம், எந்த ஆய்விதழ் போலி, ஒரு மேற்கோளின் வேர் வரை எப்படிப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அவளுக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து எடுக்கிற மாதிரி, ஒரு கட்டுரையை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, “இது வேண்டாம்” என்று தள்ளுவாள். கற்றுக்கொண்டோம் என்ற நினைப்புகூட அவளுக்கு இல்லை. நூலகத்தைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே குறை, மூன்றாம் மாடிக் காபி எந்திரம் சரியில்லை என்பது. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும்.

ஏனென்றால் சேலத்தில் நாங்கள், பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ‘ரெவியூ’ எழுதிய கதை வேறு. “நாப்பது ரெஃபரன்ஸ் இருக்கணும்” என்பார் எங்கள் பேராசிரியர். சீனியர் ஒருவருடைய புராஜெக்டிலிருந்து நாற்பதையும் அப்படியே எடுத்து, வரிசையை மாற்றிப் போடுவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைண்டிங் போடுகிற கடையிலேயே பழைய புராஜெக்டுகளை பென் டிரைவில் போட்டுத் தருவார்கள். ஒரு தடவை என் வகுப்புத் தோழி கோகிலா எழுந்து நின்று, “சார், இந்த நாப்பதுல நாம படிச்சது எத்தனைங்க சார்?” என்று கேட்டாள். கிண்டல் என்று நினைத்து அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அவள் நிஜமாகவே எண்ணிக்கை தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கோகிலா ராசிபுரத்துக்குப் பக்கம். அப்பா அம்மா குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயிகள். வகுப்பில் நான் முதல், அவள் இரண்டாவது. கடைசிப் பரீட்சை வரை அந்த வரிசை மாறவில்லை. நான் இங்கே வந்தேன். அவள் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, பகுதி நேரமாக பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். கல்யாணமாகி, கையில் ஒரு பெண் குழந்தை. சேகோ ஆலைகளில் அரைத்த மாவுப்பால் நின்றால் ஏன் பழுப்பு ஏறுகிறது, ரசாயனம் போட்டு வெளுக்காமல் அதைத் தடுக்க முடியுமா என்பது அவளுடைய ஆய்வு. அவள் கல்லூரி நூலகத்துக் கணினியில் பெரிய ஆய்விதழ் எதுவும் திறக்காது. அதனால் எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். பின்னணியில் எப்போதும் பஸ் ஹாரன் கேட்கும்.

“ஏம்புள்ள நஸ்ரீ, ஒரு லிங்க் போட்டுருக்கறேன் பாரு. அதொண்ணு மட்டும் எறக்கித் தர முடியுமா? அவசரமில்ல புள்ள, உனக்கு நேரம் கெடைக்கறப்ப.”

நான் அந்த நிமிடமே இறக்கி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இந்த ஊரில் நான் எல்லோரிடமும் கேட்கிறவள். எந்த பஸ், எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், ‘அருமை’ என்ற பொருளில் இவர்கள் சொல்லும் ‘லெக்கர்’ என்ற சொல்லை எதற்கெல்லாம் போடலாம் என்று. கோகிலாவுக்கு மட்டும் நான் கொடுக்கிறவள். அவள் கேட்கக் கேட்க நான் ஒரு சுற்றுப் பெருத்தேன். அவள் கேட்டது ஒன்று என்றால் கூட நாலு சேர்த்து அனுப்பினேன். நான் இறக்கி வைத்த கட்டுரைகள் என் கணினியில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. முக்கால்வாசியில் சுருக்கத்தைத் தாண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றிருந்தால் படிக்க அவசரம் எங்கிருந்து வரும்?

அவளிடம் இருந்தது கொஞ்சம். அதனால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்தாள். அச்செடுத்து, காலையில் பஸ்ஸில், மதியம் சாப்பாட்டு நேரத்தில், மகள் தூங்கும்போது. படித்துவிட்டுக் கேள்வி அனுப்புவாள். முதலில் சின்னச் சின்னச் சந்தேகங்கள். போகப் போக எனக்குப் பதில் தெரியாத கேள்விகள். ஒரு நாள் வந்த செய்தி இது: “நஸ்ரீ, நீ போன வாரம் அனுப்புனயே, அதுல ஆறாம் பக்கத்துப் படத்தப் பாத்தயா? குச்சிக்கெழங்கு மாவுன்னு போட்டிருக்குது. ஆனா நம்ம மாவு மைக்ராஸ்கோப்புல அப்படியா இருக்கும்? ஒரு பக்கம் வெட்டி உட்ட கிண்ணமாட்ட இருக்கோணுமில்ல? இது மூலை மூலையா இருக்குது புள்ள. இதே படம் இன்னொரு பேப்பருல மக்காச்சோளம்னு இருக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். ஒரே படம். ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆய்விதழின் பெயரைத் தேடினேன். பேர்போன ஓர் இதழின் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை ஒட்டிய போலி. எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்தக் கட்டுரையை என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தில் நான் இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தது. அவசர அவசரமாக எடுத்தேன். அந்த வார ஆய்வகக் கூட்டத்தில் என் வழிகாட்டி, ஏன் எடுத்தாய் என்று கேட்டார். இரண்டு படங்களையும் திரையில் போட்டுக் காட்டினேன். “நஸ்ரின், பிரமாதமான கண் உனக்கு” என்றார் அவர். ஃபெம்கே திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் முதல் முறையாக மரியாதை இருந்தது. கோகிலா என்ற பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அவள் குரல் பிடிக்காமல் போயிற்று. வகுப்பில் இரண்டாவதாக இருந்தவள், ஒரு நூலகமும் இல்லாமல், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. ஃபெம்கே மேல் பட்ட பொறாமைக்கு ஒரு நியாயம் சொல்லலாம். அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. கோகிலாவிடம் என்ன இருந்தது நான் பொறாமைப்பட? அது தெரியாததால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது.

அப்புறம் அந்த அறிக்கை விஷயம் வந்தது. பழைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் கோகிலா அதைக் கண்டுபிடித்திருந்தாள். இங்குள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்த ஆய்வறிக்கை. உருளைக்கிழங்கு மாவைக் கழுவும் தண்ணீரில் இரும்பு இருந்தால் நிறம் எப்படி மாறும் என்பது பற்றி. இணையத்தில் கிடையாது. அவளுடைய குரலில் அவ்வளவு பரபரப்பை நான் கேட்டதில்லை. “எங்க பக்கம் போர்வெல் தண்ணில இரும்பு சாஸ்தி புள்ள. கெழங்கக் குத்தம் சொல்லிட்டிருக்கறாங்க, எனக்கென்னமோ தண்ணிதான்னு தோணுது. இது மட்டும் கெடைச்சா எம்பட ரெண்டாவது அத்தியாயம் நின்னுரும். அடுத்த மாசம் கமிட்டி இருக்குது. இந்தத் தடவையும் ஒப்பேத்தாட்டி பதிவையே ரத்துப் பண்ணிருவாங்க, காலேஜ்லயும் வெச்சுக்க மாட்டாங்க. எப்படியாச்சும் பாரு நஸ்ரீ.”

நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. கேட்டவுடன் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மங்கிய நீல அட்டை. அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அறையில் உட்கார்ந்து, முதல் முறையாக ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அவள் நினைத்தது சரி. அந்தக் கோபத்தில் என்று சொல்வதா, பயத்தில் என்று சொல்வதா, அவளுக்கு இப்படிச் செய்தி அனுப்பினேன்: “எல்லா இடத்துலயும் தேடிட்டேன் கோகி. கெடைக்கல. ரொம்பப் பழசு, தொலைஞ்சிருக்கும்போல.”

“பரவால்ல புள்ள. இவ்வளவு தேடுனயே, அதுவே பெருசு” என்று பதில் வந்தது. அறிக்கை மூன்று வாரம் என் அலமாரியில் கிடந்தது. தினமும் இன்று அனுப்பிவிடலாம் என்று நினைப்பேன். அனுப்பினால் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் அவளிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி. “அந்த அறிக்கை கெடைச்சிருச்சுங்க. தேடினதுக்கு நன்றிங்க.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொங்குக்காரர்கள் ஊருக்கெல்லாம் ‘ங்க’ போடுவார்கள். கடைக்காரருக்கு, கண்டக்டருக்கு, முன்பின் தெரியாதவருக்கு. ஐந்து வருடப் பழக்கத்தில் கோகிலா எனக்கு ஒரு முறைகூட அதைப் போட்டதில்லை. செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக் காபி நேரத்தில், எங்கள் துறையில் ஓய்வு பெற்று எப்போதாவது சைக்கிளில் வந்து போகிற ஹென்க் என்ற பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். இங்கே எல்லோரும் அவரை ஹென்க் என்றே கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது, ‘சார்’ என்பேன், அவர் சிரிப்பார். அதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்த அறிக்கையின் அட்டையில் இருந்த பெயரும் அவருடையதுதான் என்பதை நான் அறிந்தே இருந்தேன். நேராக என்னிடம் வந்தார்.

“நீ இந்தியாவில் எந்த ஊர்?”

“சேலம்.”

“நாமக்கல் பக்கமா? அங்கே கோகிலா என்று ஒருத்தியைத் தெரியுமா?”

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கோகிலா அவருடைய மின்னஞ்சல் முகவரியை ஒரு பழைய ஆய்வாளர் சங்கப் பட்டியலில் தேடிப் பிடித்து, ஆறே வரியில் எழுதியிருக்கிறாள். அறிக்கை வேண்டும் என்பது கடைசி வரி. முதல் ஐந்து வரியும் கேள்வி. “முப்பது வருடமாக அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்” என்றார். வீட்டுப் பரணிலிருந்த தன் பிரதியை இரண்டு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். “வேடிக்கையைக் கேள். இங்கே இருக்கும் அவள் தோழி ஒருத்தி எல்லா இடத்திலும் தேடினாளாம், தொலைந்துவிட்டதாம். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. நூலகத்தில் விசாரித்தேன். தொலையவில்லை! இரவல் போயிருக்கிறது! யாரோ வாங்கி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து ஒரே மாதத்தில் இரண்டு வாசகர்கள். கோகிலாவுக்கும் எழுதிவிட்டேன், அவளும் சந்தோஷப்படுவாள் என்று.”

யார் வாங்கியது என்று நூலகம் அவருக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டில் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். அவர் முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த நேரத்திலும் என் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? இதே நடைபாதையில் மூன்று வருடமாக நடக்கிறேன், இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை. ஆறு வரியில் அவள் வாங்கிவிட்டாள். வெட்கத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

அன்று மதியமே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்; கல்லூரி விட்டு பஸ்ஸில் இருந்தாள்.

“கோகி, அந்த ரிப்போர்ட் எங்கிட்டதான் இருந்துச்சு.”

“தெரியுமுங்க. வேற யாரு அதப் போய் எடுக்கப் போறாங்க?”

“அந்தப் படம் விஷயத்தையும் நான் கண்டுபிடிச்ச மாதிரி இங்க சொல்லிட்டேன்.”

“அது தெரியாதுங்க” என்றாள். பிறகு, “ஏன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.”

“பொறாமை.”

“எம்மேலயா? காலைல நாலரைக்கு எந்திரிச்சு, சோறாக்கி, புள்ளைய அம்மா ஊட்டுல உட்டுட்டு, நின்னுக்கிட்டே பஸ்ஸுல வந்து, ராத்திரி கண்ணு சொக்கச் சொக்கப் படிக்கறவ மேல பொறாமப்பட என்னங்க இருக்குது? பொறாமப்படோணும்னா நாந்தான் படோணும். பட்டனுங்க. தெனமும் பட்டன். ஆனா நீங்க அனுப்புன ஒவ்வொரு பேப்பருலயும் மேல உங்க பேர எழுதி வெச்சிருக்கறேன், இது நஸ்ரீ குடுத்ததுன்னு.” கண்டக்டர் விசில் கேட்டது. “எறங்கோணும். வெக்கறனுங்க.”

மறு வாரக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். பெரிய பேச்சாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வழிகாட்டி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் நன்றியுரையில் அவள் பெயரைப் போடு. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அவ்வளவுதான். ஃபெம்கே குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. நீல அட்டை அறிக்கையை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். ஹென்க்கிடம் போய் அந்த இரண்டாவது வாசகி நான்தான் என்றேன். அவர் புரிந்துகொண்டாரா தெரியாது. “அப்படியா, எப்படி இருந்தது?” என்று ஆவலாகக் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அதுவாவது பொய்யில்லை.

கோகிலாவின் பதிவு ரத்தாகவில்லை. ராசிபுரத்துப் போர்த் தண்ணீரை ஆலை ஆலையாக எடுத்துச் சோதித்தாள். ஹென்க்கும் அவளும் சேர்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நல்ல ஆய்விதழில், யாரும் இலவசமாகப் படிக்கும்படி வந்தது. அதை நான் பூட்டுத் திறந்து இறக்கி அனுப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வந்த அன்றே படித்தேன், மூன்று தடவை.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய வாய்மொழித் தேர்வு. பொது நிகழ்ச்சி என்பதால் வகுப்புத் தோழிகளின் குழுவில் எல்லோருக்கும் அழைப்புப் போட்டிருந்தாள். எனக்கென்று தனியாக எதுவும் வரவில்லை. ஆனாலும் சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். அரங்கில் தேர்வாளர் ஒருவர், “பெரிய நூலக வசதி இல்லாமல் இத்தனை நம்பகமான மூலங்களை எப்படித் திரட்டினீர்கள்?” என்று கேட்டார். கோகிலா கூச்சப்படாமல் சொன்னாள்: இலவசமாகத் திறந்திருக்கும் களஞ்சியங்களை முதலில் பார்ப்பேன், கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே எழுதுவேன், கேள்வியோடு எழுதுவேன், கிடைத்ததை நம்புவதற்கு முன் படத்தையும் அட்டவணையையும் நானே சரிபார்ப்பேன். “முதல் மூணு வருசம் நெதர்லாந்துல இருக்கற என் தோழி ஒருத்தர் நெறைய அனுப்பினாருங்க” என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். குத்திக்காட்டவும் இல்லை, குழையவும் இல்லை.

முடிந்ததும் அவளுடைய மாணவிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி போனை நீட்டி, “மேடம், இந்த ஒரு பேப்பர் மட்டும் உங்க லாகின்ல எறக்கித் தர முடியுங்களா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா குறுக்கிட்டாள். “அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க சாமி. எழுதுன ஆளுக்கே எழுதச் சொல்லியிருக்கறனில்ல?” அந்தப் பெண் உடனே தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். என்னிடம் கேட்க யாரும் இல்லாமல் போனது. சனிக்கிழமைதோறும் இவர்களுக்கெல்லாம் தேடுவது எப்படி என்று கோகிலா வகுப்பெடுக்கிறாளாம். அவளுடைய மாணவிகள் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு குரூப் போட்டோ. போட்டோக்காரர் கோகிலாவை நடுவில் நிறுத்திவிட்டு, “குடும்பத்தார் எல்லாம் அந்தப் பக்கம், வெளியிலிருந்து வந்த கெஸ்ட்டெல்லாம் இந்தப் பக்கம் வாங்க” என்றார். துறைத் தலைவர், “நெதர்லாந்து மேடம், இங்க வாங்க” என்று கெஸ்ட்டுகள் பக்கம் இடம் விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து கோகிலாவின் அம்மா, “நஸ்ரீ சாமி, இங்க வா, நீ ஏன் அங்க போய் நிக்கற?” என்று கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. கோகிலா வீட்டில் சொல்லவில்லை என்பது அந்த ஒரு கூப்பிடுதலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கோகிலாவைப் பார்த்தேன். அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க, ஃபிரேம் வெட்டுது” என்று போட்டோக்காரர் சத்தம் போட்டார். துறைத் தலைவர் விட்ட இடத்தில் போய் நின்றேன்.

நான் திரும்பி வந்த பிறகு அந்தப் படத்தைக் கோகிலா அனுப்பினாள். ஒரு சொல்கூட எழுதவில்லை. கெஸ்ட்டுகள் பக்கத்தில், கோகிலாவை ஒட்டினாற்போல் நான் நிற்கிறேன். சிரிக்கப் பார்த்துச் சிரிப்பு வராத முகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. கோகிலாவின் முதுகுக்குப் பின்னால் அவள் அம்மாவின் கை நீண்டு வந்து, என் துப்பட்டாவின் முனையைப் பிடித்து, அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கு அது தெரியவே இல்லை.